தோட்டக்கலைத் துறையின் மாடித் தோட்டக் கிட்: சனிக்கிழமை ஈஸி ரன் முடித்துவிட்டுப் போடலாமா?

செவ்வாய் இன்டர்வெல் (விட்டுவிட்டு வேக ஓட்டம்), வியாழன் டெம்போ (ஒரே சீரான வேக ஓட்டம்), ஞாயிறு லாங் ரன் (நீண்ட ஓட்டம்). சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுகிறவர்கள் பலருக்கு வாரம் இப்படித்தான் போகும். நடுவில் சனிக்கிழமை ஈஸி: பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலோ நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்திலோ மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடும் 5 கிலோமீட்டர். ஆனால் பிள்ளைகளுக்கு விடுமுறையும் அன்றுதான். பரண் சுத்தம், தொட்டி கழுவுதல், மொட்டை மாடி வேலை எல்லாம் அன்றைக்குத்தான் வந்து விழும். காலையில் காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பத்து மணிக்குள் செம்மண் மூட்டையோடு மூன்று மாடி ஏறினால் அந்த ஈஸி ரன்னுக்கு அர்த்தமே இல்லை.

அதனால் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை தரும் மாடித் தோட்டக் கிட்டை இங்கே எடை போடுவது மறுநாள் 18 கிலோமீட்டர் ஓட வேண்டிய காலுக்காக. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: 5க்கு 4. அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைகிறது என்பது 'கிட்டில் இல்லாதது' பகுதியில் தெரியும்.

அரசுத் தாள்களில் இதற்கு 'மாடித்தோட்டத் தளை' என்று பெயர். தளை என்றதும் ஓடுகிறவர்கள் மிரள வேண்டாம், இது காலில் மாட்டுவதில்லை. உள்ளே இருப்பவை: செடி வளர்க்கும் பைகள் 6, 2 கிலோ எடையுள்ள தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் 6, ஆறு வகைக் காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்களும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் தலா 200 கிராம், வேம்பு சார்ந்த பூச்சிக்கொல்லி 100 மில்லி, ஒரு கையேடு. 900 ரூபாய் மதிப்புள்ள இந்தக் கிட் 2022-23இல் பாதி மானியம் போக 450 ரூபாய்க்குக் கிடைத்தது. மானியம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. துறையின் இணையதளத்தில் அன்றைய விலையைப் பார்த்துவிட்டு ஆதார் எண்ணோடு பதிவு செய்யுங்கள். மானியமே இல்லாவிட்டாலும், இவற்றைத் தனித்தனியாகத் தேடி நர்சரி நர்சரியாக அலைவதை விட இது மேல்.

எடைக் கணக்கு

ஓடுகிறவருக்கு இந்தக் கிட்டின் பெரிய வரவு, அது காய்ந்த நிலையில் மாடி ஏறுகிறது என்பதுதான். கட்டிகள் 12 கிலோ, மற்றவை எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்குள். இரண்டு நடையில் முடிந்துவிடும். தண்ணீர் மாடியிலேயே தொட்டியில் இருக்கிறது. கட்டி ஊறிப் பல மடங்கு பெருப்பது மேலே போன பிறகுதான்.

வழக்கமான செம்மண் கலவையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். மண், நார்க்கழிவு, எரு மூன்றும் சம பங்கு என்று போட்டால் ஆறு பைக்கும் சுமார் 50 லிட்டர் மண் வேண்டும். அது மட்டும் 65 கிலோ. பல அடுக்ககங்களில் லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடும், மொட்டை மாடிக்கு இன்னும் இருபது படி இருக்கும். அந்த இருபது படிதான் ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாவது கிலோமீட்டரில் முன்தொடையில் வந்து உட்காரும்.

பழக்கமில்லாத வேலையின் தசைவலி அன்றே தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் வேலைகள்தான் இதற்கு முக்கியக் காரணம்: சுமையோடு படி இறங்குவது, திரும்பத் திரும்பக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது. ஆகவே மேலே ஏறும்போது மட்டும் சுமை, இறங்கும்போது வெறுங்கை. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு உயரமான முக்காலி போட்டுக்கொள்ளுங்கள், கலக்கும் வேலையைப் பழைய மேசை மேல் டப்பை வைத்துச் செய்யுங்கள். குத்துக்காலிட்டே தீர வேண்டும் என்றால், வளைந்து கொடுக்கும் முட்டி உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதல் சனிக்கிழமை: ஊறவைத்து அலசுவது

ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மூன்று சனிக்கிழமைகளாகப் பிரியுங்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஐந்தரைக்கு ஓடத் தொடங்கினால் ஆறே காலுக்கு வீடு. அரை லிட்டர் உப்புப் போட்ட நீர்மோர், கொஞ்சம் சிற்றுண்டி, ஏழு மணிக்கு மாடி. எட்டரைக்குள் இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் தளம் சுடும். ஓடி வந்த வியர்வையே ஈடாகாத உடம்போடு வெயிலில் நின்றால் மாலை வரை தலைவலிதான்.

ஓடும் ஷூவைக் கீழேயே கழற்றிவிடுங்கள். நார்த்தூள் வலைத்துணிக்குள் போனால் வெளியே வராது, அந்தப் பழுப்புச் சாயம் வெள்ளை ஷூவை விட்டும் போகாது.

ஒரு கட்டிக்கு 10 லிட்டர் தண்ணீர். பெரிய டப்பில் கட்டியை வைத்து, தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு தவணையில் ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் 25 லிட்டர் அளவுக்கு உதிர்ந்து பெருக்கும். காய்ந்த கட்டியைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம். எழும் தூசு மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளுக்கு ஆகாது. நனைந்த பிறகு ஆறு வயதுப் பிள்ளையே கையால் உதிர்த்துவிடும், அவர்களுக்கு இதைவிடப் பிடித்த வேலை கிடையாது.

அடுத்தது அலசுவது. கையேட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நேராகப் பையில் நிரப்புகிறவர்கள் தவறவிடும் படி இது. தென்னை நார்க்கழிவில் உப்பும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கும். அலசாமல் போட்டால் விதை முளைத்த பத்தாம் நாளே இலை ஓரம் கருகும். பழைய வேட்டியையோ வெங்காயச் சாக்கையோ டப்பின் மேல் விரித்து வடிகட்டி, இரண்டு முறை புதுத் தண்ணீர் விடுங்கள். வடியும் தண்ணீர் கரும்பழுப்பிலிருந்து வெளிர் டீ நிறத்துக்கு வந்தால் போதும். ஊறவும் அலசவும் சேர்த்து ஆறு கட்டிக்கு 150 லிட்டருக்கு மேல் ஆகும். ஓஸ் பைப் கட்டாயம். வாளியில் சுமந்தால் எடைக் கணக்கு முழுதும் வீண்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடற்கரையை ஒட்டிய சில தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் உதவாது. மெட்ரோ வாட்டர் இருந்தால் கடைசி அலசலுக்காவது அதை வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேர்த்து வைத்தாலும் நல்லது, அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் கூடவே கூடாது, உப்பு கூடிய மிச்சம் அதுதான்.

வடியும் நீர் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடிக் குழாய் நேரே வடிகட்டும் குழிக்குப் போகும் வீடுகள் ஏராளம். நார்த்தூள் அந்தக் குழாயில் இறங்கினால் கூழாங்கல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், ஐப்பசி மழையில்தான் அது தெரியவரும். குழாய் வாயில் துணி கட்டுங்கள். கூலிங் டைல்ஸ் போட்ட தளத்தில் பழுப்புத் தண்ணீர் தேங்கினால் கறை நிற்கும். பொது மாடி என்றால் சங்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அலசிய நார்க்கழிவைச் சாக்கில் அள்ளி, நிழலில் ஒரு வாரம் வைக்கலாம், கெடாது.

கிட்டில் இல்லாதது

ஒரு மதிப்பெண் குறைந்தது இங்கேதான். நார்க்கழிவு நீரைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்றுக் கொடுக்கும். சோறு போடாது. மக்காத நார்க்கழிவில் கரிமச்சத்தும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) 100க்கு 1க்கும் மேலான விகிதத்தில் இருக்கும். நுண்ணுயிர்கள் அதை மக்கச் செய்யும்போது செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வெறும் நார்க்கழிவில் போட்ட வெண்டை மூன்றாம் வாரம் மஞ்சளடித்து நிற்கிறது. விதை மட்டம் என்றும் உரப் பொட்டலம் போலி என்றும் திட்டுவார்கள், குற்றம் இரண்டிலும் இல்லை. அசோஸ்பைரில்லம் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா, பாஸ்போபாக்டீரியா ஏற்கெனவே இருக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும். கரைக்க ஏதாவது இருந்தால்தானே?

ஆகவே தனியே வாங்க வேண்டியவை: மண்புழு உரம் பைக்கு 5 கிலோ வீதம் 30 கிலோ, வேப்பம் புண்ணாக்கு பைக்கு 100 கிராம். மண்புழு உரத்தை ஒரே மூட்டையாக வாங்காமல் 5 கிலோ பொட்டலங்களாக வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும், ஆனால் பத்து வயதுப் பிள்ளையே தூக்கிவிடும். செம்மண்ணை விட்டுவிடலாம். இந்தக் கலவையில் வெண்டை, கத்தரி, தக்காளி, கீரை எதற்கும் குறை வராது. முருங்கையோ கொய்யாவோ வைக்க ஆசை என்றால் அது வேறு திட்டம், வேறு தொட்டி.

முதல் சனிக்கிழமையே இன்னொரு பத்து நிமிட வேலை உண்டு. 10 கிலோ மண்புழு உரத்தில் டிரைக்கோடெர்மா 100 கிராமைக் கலந்து, பிடித்தால் உருண்டை நிற்கும், தட்டினால் உதிரும் பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். ஒரு வாரத்தில் பூஞ்சை பெருகிவிடும். நாற்றழுகலையும் வேரழுகலையும் தடுக்க இதுவே போதும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா மூன்று பொட்டலங்களிலும் பாதியை மட்டும் இந்த முறைக்கு எடுத்து, மீதியைக் காற்றுப் புகாமல் கட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். இவை உயிருள்ள சரக்கு. வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பாருங்கள், வண்டி டிக்கியில் மதியம் முழுக்க விட்டால் உள்ளே இருப்பது வெறும் தூள்தான். ரசாயனப் பூஞ்சைக்கொல்லியை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள்.

இரண்டாம் சனிக்கிழமை: நிரப்பி விதைப்பது

பையை வைக்க வேண்டிய இடத்தில் வைத்த பிறகே நிரப்புங்கள். நிரம்பி நனைந்த பை 18 முதல் 20 கிலோ வரும். அதைக் குனிந்தபடி இழுப்பதுதான் இந்த வேலை முழுவதிலும் முதுகுக்கும் பின்தொடைக்கும் மிக ஆபத்தான அசைவு. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் பையும் கிழியும்.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடத் தரநிலை சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. பைக்குப் பை நடு மையத்திலிருந்து ஒன்றரை அடி விட்டால் சதுர மீட்டருக்கு ஐந்து பை, 100 கிலோ. கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்தால் இன்னும் பாதுகாப்பு, கீழே பெரும்பாலும் சுவரோ பீமோ இருக்கும். பழைய கட்டடம், ஏற்கெனவே கசிவு என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், தோட்டம் பிறகு.

ஒவ்வொரு பையின் கீழும் இரண்டு செங்கல். தட்டு வேண்டாம். தட்டில் நிற்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில், மாநகராட்சி ஆட்கள் வந்து முதலில் தேடுவதும் அதைத்தான். பையின் துளைகள் உண்மையிலேயே திறந்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள்.

நார்க்கழிவு, மண்புழு உரம், புண்ணாக்கு, அசோஸ்பைரில்லம் 100 கிராம், பாஸ்போபாக்டீரியா 100 கிராம், சென்ற வாரம் மூடிவைத்த டிரைக்கோடெர்மா கலவை எல்லாவற்றையும் மேசை மேல் புரட்டி, பையில் முக்கால் அளவு நிரப்புங்கள். தண்ணீர் விட்டதும் இரண்டு அங்குலம் இறங்கும். வாய் வரை நிரப்பினால் பின்னால் மேலுரம் போட இடமிருக்காது. நார்க்கழிவு கொஞ்சம் மிஞ்சும். அடியில் துளை போட்ட பழைய பெயிண்ட் வாளி ஒன்று இருந்தால் கீரைக்கு ஆயிற்று.

வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கீரை எல்லாம் நேரடி விதைப்பு. வெண்டை விதையை வெள்ளி இரவு ஊறப்போட்டு, பைக்கு இரண்டு இடத்தில் இரண்டிரண்டாக, விரல் நக அளவு ஆழத்தில். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டில் நாற்றுவிட வேண்டும். தக்காளி 25 நாளில் பிடுங்கி நடலாம், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 40 வரை. விதைகள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க வேண்டாம். ஆறு பைக்கு ஒரு சிட்டிகைதான் தேவை. மிச்சத்தைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வையுங்கள். நாற்றங்கால் பொறுப்பைத் தாத்தா பாட்டியிடம் விடுவது உத்தமம், தினமும் இரண்டு வேளை பார்க்க அவர்களுக்குத்தான் பொறுமையும் நேரமும்.

மூன்றாம் சனிக்கிழமை: சொட்டுநீர்

இது கிட்டில் வராது, அவசியமா என்றால் ஓடுகிற வீட்டில் அவசியம்தான். லாங் ரன் நாளில் விடிகாலை நாலரைக்குக் கிளம்பி எட்டுக்கு வந்து காலை நீட்டியவர், வாளியோடு மாடி ஏறுவது நடக்காத காரியம். சித்திரை வைகாசியில் பைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், இரண்டு வேளையாகத் தர வேண்டும். ஒரு நாள் தவறினாலே நார்க்கழிவு ஓரத்தில் சுருங்கி இடைவெளி விடும், அடுத்து ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியே நேராக வெளியே ஓடிவிடும். தக்காளியின் அடிப்பக்கம் கருப்பதும் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வால்தான். சீரான ஈரம் இல்லாவிட்டால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராது. பைக்கு ஒரு தேக்கரண்டி ஜிப்சமும் தவறாத தண்ணீரும் சேர்ந்தால் நிற்கும்.

வேண்டியவை: பைகளை ஒட்டி ஓடும் 16 மி.மீ. லேட்டரல் குழாய், தொட்டியடியில் ஒரு வால்வு, 120 மெஷ் (நுண்கண்) வடிகட்டி, 4 மி.மீ. நுண்குழாய், ஆறு சொட்டுவான் (டிரிப்பர்), குழாய் முனையை அடைக்க எண்ட் கேப். கடையில் '4 லிட்டர் டிரிப்பர்' என்று கொடுப்பது 10 மீட்டர் உயர அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் விடும் கணக்கு. மாடிப்படி அறையின் மேலுள்ள தொட்டி உங்கள் பைக்கு மேலே இரண்டரை மீட்டர்தான் இருக்கும். அழுத்தம் கால்பங்கானால் சாதாரண டிரிப்பரில் ஓட்டம் பாதியாகும்: மணிக்கு 2 லிட்டர், அரை மணிக்கு 1 லிட்டர். கணக்கு எளிது. அழுத்தத்தைத் தானே சமன் செய்யும் உயர்ந்த விலை டிரிப்பர்களை வாங்கிவிடாதீர்கள், இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் அவை ஒழுங்காகத் திறக்காது. டைமர் போடுவதென்றாலும் இதே எச்சரிக்கை: உள்ளே பந்து வால்வு உள்ளது வேலை செய்யும், சோலனாய்டு (மின்காந்த வால்வு) வகை இந்த அழுத்தத்தில் பெரும்பாலும் சொதப்பும்.

குழாய் முனையைச் சுடுதண்ணீரில் பத்து விநாடி முக்கினால் இணைப்பு சுலபமாக ஏறும், இழுத்துத் திணிக்கத் தேவையில்லை. உப்புத் தண்ணீர் வீடுகளில் சொட்டுவான் வாயில் வெள்ளைப் படிவு பிடிக்கும். மாதம் ஒரு முறை கழற்றி வினிகரில் ஊறவைப்பதைப் பிள்ளைகளிடம் விடலாம்.

பிறகு வருவன

15 நாளுக்கு ஒரு முறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இடையில் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. வெண்டை 45 முதல் 50 நாளில் முதல் பறிப்பு. முற்றவிடாமல் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தால்தான் தொடர்ந்து காய்க்கும்.

கிட்டின் வேப்பம் மருந்து அசுவினி, வெள்ளை ஈ, இளம் மாவுப்பூச்சிக்குப் போதும், முற்றிய மாவுப்பூச்சியை முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவ வேண்டும். லேபிளில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள், சில துளி சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும். தெளிப்பது மாலையில். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் போய்விடும். கலப்பதும் தெளிப்பதும் பெரியவர்கள் வேலை. வெண்டை இலையில் நரம்புகள் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது. அன்றே பிடுங்கிக் கட்டி வெளியே போடுங்கள்.

எப்போது தொடங்குவது? ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழி ஓட்டக்காரரின் நாட்காட்டிக்கும் பொருந்துகிறது. சென்னை மாரத்தான் ஜனவரியில். 16 வாரப் பயிற்சி செப்டம்பரில்தான் சூடு பிடிக்கும், ஜூலை கடைசியில் கிலோமீட்டர்கள் குறைவு. ஆடியில் பை நிரப்பினால் கனமான வேலை அந்த இடைவெளியில் முடிந்துவிடும், வெண்டையும் கீரையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு சுற்றுப் பறித்துவிடலாம். ஏற்கெனவே பயிற்சிக்குள் இருக்கிறீர்கள் என்றால், நான்கு வாரத்துக்கு ஒரு முறை வரும் குறைந்த ஓட்ட வாரத்தில் இரண்டாம் சனிக்கிழமை வேலையை வையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சொட்டுநீரை மூடிவிட்டு, தக்காளிக்கு ஊன்றிய குச்சிகளைக் கைப்பிடிச் சுவரோடு கட்டுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மாதிரி ஒரு புயல் வந்தால் கட்டாத குச்சி அடுத்த மாடியில்தான் கிடக்கும். காய்த்து ஓய்ந்த பையைக் கொட்ட வேண்டாம். வேரை எடுத்துவிட்டு, ஒரு வாரம் காயவிட்டு, பைக்கு ஒரு கிலோ மண்புழு உரமும் எடுத்துவைத்த மீதிப் பொட்டலங்களும் காலாவதியாகாமல் இருந்தால் சேர்த்து மறுபடி நிரப்பலாம். பந்தயம் முடிந்த இரண்டு வாரம் எப்படியும் ஓட்டம் கிடையாது. தைப்பட்டத்துக் கத்தரி நாற்றை அப்போது நட்டால் சரியாக இருக்கும்.